தூக்குவது ஒன்று, தாங்குவது ஒன்று

தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் காரைத் தூக்கும் கருவிக்கு ஜாக்கி என்று பெயர். குதிரைப் பந்தயத்தில் சவாரி செய்கிறவருக்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆனால் வேரைத் தேடிப் போனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் முடிகின்றன. ஜாக் என்பது அங்கே நம் முனியனையும் கந்தனையும் போல எளிய மனிதனின் பெயர். எடுபிடிப் பையன்களைக் கூப்பிடும் பொதுப்பெயராகவும் ஆயிற்று. பையன் செய்யவேண்டிய வேலையைக் கருவியொன்று செய்தபோது அதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அதே பெயரை ஸ்காட்லாந்துக்காரர்கள் சற்றே மாற்றி உச்சரித்த வடிவத்திலிருந்து பந்தயக் குதிரைக்காரரின் பெயர் பிறந்தது. நம் மெக்கானிக்குகள் அகராதியைப் புரட்டாமலேயே பிரிந்த உறவினர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சொல் ஆராய்ச்சி நிற்க. நான் சொல்ல வந்தது இந்த ஆண்டு நானும் என் மகளும் ஒரு ஜாக்கி வாங்கிய கதையை. கதையும் கவிதையும் பேசிப் பழகிய நண்பர்கள் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். இதில் ஓர் உயிர் இருக்கிறது என்பதுதான் என் பதில்.

ஒஹையோ மாநிலத்தில் எங்கள் வீட்டுக் கராஜில் 1996 ஆம் ஆண்டு மாடல் மாஸ்டா மியாட்டா ஒன்று நிற்கிறது. இரண்டே இருக்கைகள், மடித்துப் போடக்கூடிய துணிக்கூரை, ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும் எடை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்த வண்டி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் எளிமையை ஜப்பானிய நம்பகத்தன்மையோடு சேர்த்துக் கொடுத்தது. 2016 இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. இதை உருவாக்கியவர்கள் தங்கள் நோக்கத்தைச் சொல்ல ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரைக் கையாள்வார்கள். குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் ஓருடலாதல் என்று பொருள். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது விளம்பர வாசகமாகத் தோன்றாது.

அத்தகைய ஓருடல் ஆவதற்கு வண்டி தரையோடு ஒட்டி இருக்கவேண்டும். எடை தாழ இருந்தால்தான் வளைவில் சாயாமல் திரும்பும். எங்கள் வண்டிக்கு முன்பு உரிமையாளராக இருந்தவர் ஸ்பிரிங்குகளை மாற்றி அதை இன்னும் தாழ்த்திவிட்டார். முன் பம்பரின் கீழுதட்டுக்கும் தரைக்கும் இடையே இன்றைக்கு இருப்பது நான்கு அங்குலத்திற்கும் குறைவு. சாலையில் அது அழகு. கீழே போய் வேலை செய்ய நினைக்கிறவனுக்கு அது மூடிய கதவு. பொதுவாக விற்கும் டிராலி ஜாக்கிகளின் தூக்கும் தட்டு, முழுவதும் இறக்கிய நிலையிலேயே தரையிலிருந்து ஐந்து அல்லது ஐந்தரை அங்குலம் உயரத்தில் நிற்கும். அதை இந்த வண்டியின் அடியில் நுழைக்க முயல்வது கோபுர வாசலில் நுழையும் யானையைத் திண்ணை வீட்டுக்குள் அழைப்பது போல.

இதற்கென்றே தாழ்வான ஜாக்கிகள் இருக்கின்றன. மூன்றிலிருந்து நான்கு அங்குலத்திற்குள் தட்டு இறங்கும். கடையில் போய் மிகவும் தாழ்வானதைக் கேட்டு வாங்கிவந்தால் விஷயம் முடிந்தது என்று தோன்றும். முடியாது. தாழ்வு என்பது வாசல் மட்டுமே. வாசலுக்கு உள்ளே என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

ஜாக்கியின் உள்ளே நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் எழுதிவைத்தார். அவர் 1662 இல் இறந்த பிறகு, அடுத்த ஆண்டில்தான் அந்த நூல் அச்சேறியது. 1795 இல் ஜோசப் பிராமா லண்டனில் அந்த விதியைக் கொண்டு அழுத்த இயந்திரம் செய்து காப்புரிமை பெற்றார். 1851 இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் அதையே கையில் எடுத்துச் செல்லும் ஜாக்கியாக்கினார். சிறிய குழாயில் ஒரு பிஸ்டன், பெரிய குழாயில் ஒரு பிஸ்டன், இரண்டுக்கும் இடையே எண்ணெய். பெரியதன் விட்டம் மூன்று மடங்கென்றால் பரப்பு ஒன்பது மடங்கு. விசையும் ஒன்பது மடங்கு. விலையாக, நகரும் தூரம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் நீண்ட பிடியைப் பல முறை ஏற்றி இறக்கவேண்டியிருக்கிறது. எண்ணெய் திரும்பி ஓடாமல் ஒரு சிறு உருண்டை வால்வு அடைத்துக்கொள்கிறது. இறக்கும்போது பிடியைத் திருகினால் இன்னொரு வால்வு திறந்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. ஒரு டன் இரும்பை உயரத்தில் நிறுத்தி வைத்திருப்பது, விரல் நுனியளவு உருண்டை ஒன்றும் ரப்பர் வளையம் ஒன்றும்தான். உருண்டையின் இருக்கையில் ஒரு துகள் தூசி சிக்கினாலோ, ரப்பர் வெடித்தாலோ எண்ணெய் வழிவிடும். ஜாக்கி செய்கிறவர்களே அதன் மேல் ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டில் இதைத் தூக்குவதற்கான சாதனம் என்றுதான் எழுதுகிறார்கள். தாங்குவதற்கு வேறொன்று வேண்டும். இரும்புக் கால்களின் மேல், பற்கள் வெட்டிய தண்டை ஒரு கொக்கி பிடித்து நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டுகள் அதற்கானவை. அவற்றில் எண்ணெயும் இல்லை, ரப்பரும் இல்லை. வீணையில் தந்திகளின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் கட்டைக்கு நாம் குதிரை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஸ்டாண்டுகளுக்கும் அந்தப் பெயரே பொருந்தும். ஜாக்கி வந்து போகிறவன். குதிரைதான் பாரம் சுமப்பது.

எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரர் லேத் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தெருவில் யார் வீட்டுக் கராஜ் திறந்திருந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். நாங்கள் ஜாக்கிகளின் விவரங்களைத் தாளில் எழுதி ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமையும் வந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஸ்டாண்ட் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று இதில் இல்லையே?” என்றார். அதற்குப் பிறகு, கேட்காமலேயே, தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். இருபத்திரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்பு ஐந்து நிமிட வேலை என்று பிக்கப் டிரக்கின் கீழே போயிருக்கிறான். ஜாக்கி மட்டும்தான் நின்றது. “அம்மா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு தாளை மகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வானிலை பற்றிப் பேசினார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. ஸ்டாண்ட் எங்கே நிற்கும் என்பதில் தொடங்கினால், எந்த ஜாக்கி என்பது தானாகவே முடிவாகிவிடும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் ஒரே செய்தி.

மியாட்டாவின் பக்கவாட்டில், கதவுக்குக் கீழே, இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த மடிப்பு ஒன்று நீளமாக ஓடுகிறது. முன்சக்கரத்திற்குப் பின்னாலும் பின்சக்கரத்திற்கு முன்னாலும் அந்த மடிப்பு உறுதியாக்கப்பட்டிருக்கிறது. ஸ்டாண்டுகளுக்கு உரிய நான்கு இடங்கள் இவை. வண்டியோடு வந்த சிறிய கத்தரி ஜாக்கிக்கும் இவையே இடம். சிக்கல் இங்கேதான். பக்கவாட்டில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கினால், ஸ்டாண்ட் நிற்கவேண்டிய இடத்தில் ஜாக்கி நின்றுகொண்டிருக்கும். சற்றுத் தள்ளித் தரைத்தகட்டின் கீழே ஓடும் சட்டத்தில் கொடுக்கலாமே என்றால், பழைய மியாட்டாக்களில் அந்தச் சட்டம் மெல்லிய தகடு, நசுங்கிவிடும். பழைய வண்டி விற்பனைக்கு வரும்போது அடியில் குனிந்து பார்த்தால் பத்தில் பல வண்டிகளில் அந்தச் சட்டம் மிதிபட்ட தகர டப்பாவைப் போல் இருக்கக் காணலாம்.

ஆகவே தூக்கவேண்டிய இடம் நடுவில் இருக்கிறது. முன்பக்கம், என்ஜினுக்குக் கீழே இரு சக்கரங்களுக்கும் நடுவே ஓடும் தடித்த குறுக்கு விட்டம். பின்பக்கம், டிஃபரன்ஷியலின் கூடு. நடுவில் தூக்கினால் இருபுறமும் சமமாக எழும்பும். நான்கு மடிப்பு இடங்களும் ஸ்டாண்டுகளுக்காகக் காலியாக இருக்கும். இதுதான் வழி. ஆனால் அந்தக் குறுக்கு விட்டம் பம்பரின் உதட்டிலிருந்து கணிசமான தூரம் உள்ளே இருக்கிறது. மகள் அட்டையில் வரைந்து, வெட்டி, வண்டியின் கீழே தள்ளிப் பார்த்தாள். அப்போதுதான் கடைக்காரர்கள் தரும் விவரச்சீட்டில் இல்லாத மூன்று செய்திகள் தெரியவந்தன.

முதலாவது, தட்டு மட்டும் தாழ்ந்திருந்தால் போதாது. அதற்குப் பின்னால் உள்ள கையும் உடலும் எவ்வளவு தூரம் தாழ்ந்தே வருகின்றன என்று பார்க்கவேண்டும். சில ஜாக்கிகளில் தட்டு மூன்றரை அங்குலத்தில் இருக்கும். ஒரு சாண் தள்ளி உடல் ஆறு அங்குலத்திற்கு எழுந்து நிற்கும். தலை நுழைந்து தோள் மாட்டிக்கொள்ளும் கதை.

இரண்டாவது, பிடி. ஜாக்கி உள்ளே போன பின் பிடியை ஏற்றி இறக்க இடம் வேண்டும். குட்டையான ஜாக்கி முழுவதும் வண்டிக்கு அடியில் போய்விட்டால் பிடி பம்பரில் இடித்து, கையளவு மட்டுமே அசையும். அந்த அசைவுக்கு எண்ணெய் நகர்வது மிகக் கொஞ்சம். நீளமான உடலுள்ள ஜாக்கியில் பிடியின் மூட்டு பம்பருக்கு வெளியே நிற்கும்.

மூன்றாவது, உச்ச உயரம். தாழ்வானவற்றில் மலிவான சிறிய ரகங்கள் பதினான்கு அங்குலத்தோடு நின்றுவிடும். எங்கள் ஸ்டாண்டுகள் மிகத் தாழ்ந்த பல்லில் நிற்கும்போதே பதினோரு அங்குலம். பதினான்கு போதுமே என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் முன்பக்கத்தைத் தூக்கும்போது வண்டி பின்சக்கரங்களை அச்சாகக் கொண்டு சாய்கிறது. மடிப்பு இடம் அச்சுக்கு அருகில், குறுக்கு விட்டம் தொலைவில். ஆகவே மடிப்பு எட்டு அங்குலம் எழவேண்டுமானால் விட்டம் பத்து அங்குலம் போல எழவேண்டும். அது ஏற்கெனவே ஐந்து அங்குலத்தில் இருப்பது. பதினைந்துக்கு மேல் கொஞ்சம் மிச்சமும் வேண்டும். பதினெட்டு அங்குலமாவது எழும்பும் ஜாக்கிதான் எங்களுக்கு ஆகும் என்று தெரிந்தது. மிகத் தாழவும் வேண்டும், மிக உயரவும் வேண்டும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் கேட்டதும் கடையில் அடுக்கியிருந்தவற்றில் பெரும்பாலானவை விலகிக்கொண்டன.

எடைத்திறன் பற்றிக் கடைகளில் பெரிதாகப் பேசுவார்கள். ஆயிரம் கிலோ வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்குவதென்றால் பாதி எடையைத் தூக்குவதுதான். ஒன்றரை டன் ஜாக்கியே தாராளம். அலுமினியத்தில் செய்த ஒன்றரை டன் ஜாக்கிகள் பன்னிரண்டிலிருந்து பதினைந்து கிலோ எடை இருக்கும். பந்தயத் திடலுக்கு எடுத்துச் செல்கிறவர்களுக்கு அவை வரப்பிரசாதம். இரும்பில் செய்த மூன்று டன் ஜாக்கி முப்பத்தைந்து கிலோ. அதைத் தூக்கிக் காரின் டிக்கியில் வைக்கும் வயதை நான் கடந்துவிட்டேன். ஆனால் எங்கள் ஜாக்கி கராஜை விட்டு வெளியே போகப்போவதில்லை. இரும்பு ஜாக்கியின் உடல் நீளம், சக்கரங்கள் அகலம், தரையில் அழுந்தி நிற்கும் தன்மை ஆகியவற்றுக்காக அதையே எடுத்தோம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் இத்தகைய சாதனங்களுக்கு வகுத்திருக்கும் ‘பேஸ்’ தரத்தின் பெயர் சீட்டில் இருக்கிறதா என்று மகள் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். ஐரோப்பாவில் வாங்குகிறவர்கள் ‘இஎன் 1494’ என்ற எண்ணைத் தேடலாம்.

சக்கரங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாக்கியின் கை ஒரு முனையில் மூட்டப்பட்டிருப்பதால், தட்டு நேராக மேலே போவதில்லை; வட்டத்தின் வில்லில் போகிறது. எழும்ப எழும்பத் தட்டு பின்னோக்கி இழுக்கும். அந்த நகர்வுக்கு ஈடாக ஜாக்கி உருண்டு முன்னே செல்லவேண்டும். சிமெண்டுத் தரையில் அது ஓசையின்றி நடக்கும். சரளைக்கல்லிலோ வெயிலில் இளகிய தாரிலோ சக்கரம் புதைந்து நின்றுவிட்டால், தட்டு வண்டியின் அடியில் வழுக்கத் தொடங்கும். ஜாக்கி எவ்வளவு நல்லதானாலும் தரை அதில் பாதி.

எந்தக் கருவியும் கண்மூடி நம்பத் தக்கதல்ல, ஸ்டாண்டுகளும் அப்படித்தான். 2020 இல் இந்நாட்டின் பெரிய கருவிக்கடை ஒன்று ஏறத்தாழ பதினேழு லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. தண்டின் பற்களைக் கொக்கி முழுமையாகக் கவ்வாமல், பாரத்தோடு இறங்கிவிடக்கூடும் என்பது குறை. மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவற்றிலும் பற்றவைப்புக் குறை இருந்ததென்று அதே ஆண்டில் மீண்டும் அறிவித்தார்கள். ஆகவே இரட்டைப் பாதுகாப்பாக, கொக்கிக்கு மேல் குறுக்கே ஊசி செருகும் வகையை வாங்கினோம். கழற்றிய சக்கரங்களை வண்டியின் ஓரத்தில், மடிப்புக்குக் கீழே படுக்கவைப்பது இன்னொரு பாதுகாப்பு. எல்லாம் கைவிட்டாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் விழும். ஒரு மனித உடலுக்கான இடைவெளி மிஞ்சும்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பத்து வருடங்களாக இந்த வண்டிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தவன் நான். அப்போதெல்லாம் முன்சக்கரங்களை மரப்பலகைகள் மீது ஏற்றி, ஒன்றரை அங்குலம் உயர்த்தி, அந்த இடைவெளியில் நண்பரிடம் இரவல் வாங்கிய ஜாக்கியை நுழைப்பேன். இப்போது என் கழுத்தும் தோளும் அதற்கு ஒத்துழைப்பதில்லை. இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் விடுமுறையில் வந்தால் அவள்தான் கீழே போகிறாள். இந்த வண்டியில் ஆயில் ஃபில்டர் இன்டேக் குழாய்களுக்கு அடியில், மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத மூலையில் இருக்கிறது. சிறிய கைகள் உள்ளவர்களுக்குத்தான் அது வசப்படும். “அப்பா, நீங்க பம்பு மட்டும் அடிங்க” என்று அவள் சொல்லிவிட்டாள்.

நமக்காக வாங்கும் கருவியில் நாம் சமாதானம் செய்துகொள்வோம். ஐந்து நிமிட வேலைதானே என்போம். இன்னொருவர் படுக்கப்போகும் இடத்துக்கு மேலே நிற்கப்போகும் கருவியை வாங்கும்போது அந்தச் சமாதானங்கள் எதுவும் வாயில் வருவதில்லை. எதிர்வீட்டுக்காரர் தாளை என்னிடம் தராமல் அவளிடம் தந்ததன் பொருளும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒஹையோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். துணிக்கூரையிலிருந்து வடியும் நீருக்கான சிறு துளைகளில் இலைத்தூள் அடைத்துக்கொண்டால், நீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியில் தேங்கி உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். வெளியே வண்ணம் பளபளக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால், சரியாக ஸ்டாண்ட் நிற்கவேண்டிய இடத்தில், தகடு பிஸ்கட்டாகியிருக்கும். எனவே ஒவ்வொரு முறையும் மகள் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அந்த இடத்தைத் தட்டிப் பார்க்கிறாள். கணீரென்ற ஒலியும் மொத்தென்ற ஒலியும் வேறுவேறு என்பது அவளுக்கு இப்போது காதால் தெரியும்.

அதன் பிறகு நடப்பதெல்லாம் ஒரு வரிசை. முன்பக்கம் தூக்குவதென்றால் பின்சக்கரங்களுக்குக் கட்டை. பின்பக்கம் தூக்குவதென்றால் முன்சக்கரங்களுக்குக் கட்டை. கை பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், அவை அந்தரத்தில் இருக்கும்போது அதனால் பயனில்லை. தட்டின் மேல் ரப்பர் வில்லை. நான் பிடியை ஏற்றி இறக்குகிறேன். அவள் ஸ்டாண்டுகளை மடிப்புக்குக் கீழே நிறுத்தி, கொக்கியைப் பார்த்து, ஊசியைச் செருகுகிறாள். நான் பிடியைக் கால்வாசி திருகுகிறேன். வண்டி மெல்ல இறங்கி ஸ்டாண்டுகளில் அமர்கிறது. ஜாக்கியை எடுப்பதில்லை, பாரமின்றி, தொட்டும் தொடாமலும் குறுக்கு விட்டத்துக்குக் கீழேயே நிற்கட்டும் என்று விடுகிறோம்.

கடைசியாக ஒன்று செய்கிறோம். கீழே போகும் முன் இருவரும் வண்டியின் இரு பக்கமும் நின்று, இடுப்பைக் கொடுத்து, அதை அசைத்துப் பார்க்கிறோம். அது விழுவதானால் இப்போதே விழட்டும் என்று வேண்டுமென்றே தள்ளுகிறோம். விழவில்லை என்றால் அவள் அட்டையை விரித்து, மல்லாந்து படுத்து, உள்ளே நகர்கிறாள். நான் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கேட்கும் ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிறேன்.